மூச்சில் போன எடை

ஜனவரி 9, வியாழன்

எடை மேடையில் மீந்துபோன பதிவேடு இது. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம் அச்சடித்திருக்கிறது. மொத்த எடை, வண்டி எடை, சரக்கு எடை. முப்பத்து நான்கு வருடம் நாமக்கல் சேலம் சாலையில் லாரிகளுக்கு எடை போட்டேன். இன்று முதல் எனக்கே போட்டுக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. கட்டங்களைப் பொருட்படுத்தாமல் குறுக்கே எழுதுகிறேன்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இன்று சொன்னது இதுதான். என் இரத்தம் என் மனைவி பாவாயிக்குச் சேர்கிறது. என் சிறுநீரகம் சேர்கிறது. வயிறுதான் சேரவில்லை. என் உயரம் நூற்று அறுபத்தேழு சென்டிமீட்டர், எடை 94.6 கிலோ. எண்பத்து நான்குக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்பார்களாம். அறுபத்தொரு வயதில் இந்த வயிற்றைத் திறப்பதும் ஆபத்து, பிறகு ஒற்றைச் சிறுநீரகம் இவ்வளவு பெரிய உடம்பை இழுப்பதும் ஆபத்து என்றார் டாக்டர்.

அவகாசமும் சொன்னார். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகப் பாவாயியின் இடது கையில் இணைத்த நரம்பு அடைத்துப்போய்விட்டது. வலது கையில் இணைத்தது ஆறேழு மாதம் தாங்கலாம். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

மகள் கோகிலாவுக்கு இரத்தப் பிரிவு சேரவில்லை. பாவாயியின் தம்பி செல்லமுத்துவுக்குச் சர்க்கரை. ஆக நான்தான். காரை ஓட்டிக்கொண்டே செல்லமுத்து சொன்னான்: “நீங்க சோத்த உடமாட்டீங்க மாமா. அக்காளத்தான் உட்டுருவீங்க.”

திருச்செங்கோடு தாண்டி நாமக்கல்லில் வீடு வரும்வரை நான் அவனிடம் பேசவில்லை. இனியும் பேசுவதாக இல்லை.

ஜனவரி 10, வெள்ளி

ஆஸ்பத்திரி எடைக் கருவியை நான் நம்பவில்லை. தரை மட்டமாக இல்லை, கண்ணாலேயே பார்த்தேன். காலையில் என் பழைய எடை மேடைக்குப் போனேன். இப்போது என் நாற்காலியில் பூபதி என்பவன் உட்கார்ந்திருக்கிறான்.

“வாங்கண்ணா. வண்டி எங்கீங்க?”

“நாந்தான் வண்டி. போடு.”

நடுவில் போய் நின்றேன். 90 என்று காட்டியது.

“பத்துக் கிலோவுக்குக் கீழ இதுக்குக் கணக்குத் தெரியாதுங்களேண்ணா. அறுபது டன் மேடைங்க. இன்னுங் கொஞ்சம் சாப்ட்டுட்டு வாங்க, நூறு காட்டும்.” பின்னால் நின்ற முட்டை வண்டி டிரைவர் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தான்.

கடையில் ஒரு சின்னக் கருவி வாங்கினேன். பூபதியிடமிருந்து முத்திரை போட்ட இருபது கிலோ கற்கள் நான்கை ஆட்டோவில் ஏற்றிவந்து அதன்மேல் அடுக்கிச் சோதித்தேன். சரியாக 80.0. பிறகு நான் ஏறினேன். 94.7. ஆஸ்பத்திரிக் கருவி எனக்கு நூறு கிராம் சாதகமாகவே இருந்திருக்கிறது. இதை டாக்டரிடம் சொல்லத் தேவையில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

என் வழி எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு வேளை. காலையில் கொள்ளு வேகவைத்த தண்ணீர். முடிந்தது.

ஜனவரி 18, சனி

92.9. நான் சொன்னேனே.

ஜனவரி 20, திங்கள்

94.1. கற்களை மறுபடி வைத்துச் சோதித்தேன். கருவியில் குற்றமில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மாவு மில் வாசலில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் பாவாயி போட்டதையெல்லாம் சாப்பிட்டேன். நேற்றும் சாப்பிட்டேன்.

ஜனவரி 22, புதன்

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் என்று ஒரு பெண். ரோஸ்லின் என்று பெயர். கோகிலாவைவிடச் சின்னவள். என்னை “அப்பா” என்று கூப்பிடுகிறாள். நான் அவளுக்கு அப்பா அல்ல. சொன்னேன். “சரிங்கப்பா” என்றாள்.

எவ்வளவு சாப்பிடுகிறேன் என்று கேட்டாள். எல்லோரையும்போல என்றேன். அவள் பாவாயி பக்கம் திரும்பினாள்.

“மூணு தடவ சோறு வாங்குவாருங்க. அப்பறம் என்ற தட்டுல மிஞ்சறதையும் இவரே தின்னு முடிச்சுருவாருங்க.”

“ஏம்மா மிஞ்சுது?”

“ஊசி போட்டுட்டு வந்தா எனக்கு ஒண்ணுமே எறங்கறதில்லீங்களே கண்ணு.”

ரோஸ்லின் பழைய தாள்களைப் புரட்டினாள். இரண்டு வருடத்துக்கு முன் என் எடை 82. பாவாயிக்கு டயாலிசிஸ் தொடங்கியது எப்போது என்று கேட்டாள். இரண்டு வருடம் என்று பாவாயி சொன்னாள். அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். சாப்பாட்டை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

பட்டினி கூடாதாம். பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும், தசை கரைந்தால் உடம்பு எரிப்பது குறையும், பிறகு தின்பதெல்லாம் சேரும் என்கிறாள். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு அல்லது களி, கால் பங்கு முட்டை, பருப்பு, கோழி. தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் கனம் தூக்க வேண்டும். மாதம் இரண்டரைக் கிலோ இறங்கினால் போதும் என்கிறாள்.

“அஞ்சு மாசத்துல அழகா வந்துடுவீங்கப்பா.”

அழகுக்காக யார் வந்தது?

பிப்ரவரி 6, வியாழன்

செல்லமுத்து தன் பண்ணையிலிருந்து இரண்டு அட்டை முட்டை கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனான். “மாமா பேசாட்டிப் பரவால்ல, முட்டையாச்சும் பேசட்டும்” என்று பாவாயியிடம் சொன்னானாம். முட்டைமேல் எனக்குக் கோபமில்லை. காலையில் மூன்று தின்றேன்.

சமையலறைக்கு ஒரு கிராம் தராசு வாங்கியிருக்கிறேன். தட்டு எடை கழித்து, சரக்கு எடை மட்டும் பார்க்கிறேன். இது எனக்குத் தெரிந்த வேலை. இன்று ஒரு சோதனை செய்தேன். நூறு கிராம் அரிசி போட்டு, வெந்து வடித்த பிறகு நிறுத்தேன். இருநூற்று எழுபது! மறுபடி நிறுத்தேன். அதேதான். மீதி நூற்றெழுபதும் தண்ணீர். அறுபத்தொரு வருடம் சோறு தின்றிருக்கிறேன், அதில் பெரும்பாகம் தண்ணீர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பாவாயியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அதனாலதானுங்க சோறும் எனக்குத் தண்ணிக் கணக்குல வருது” என்றாள்.

அவளுக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி தண்ணீர்தான் அனுமதி. அளவுக் கோடு போட்ட ஒரு பாட்டில் அடுப்பு மேடையில் எப்போதும் இருக்கும். மருந்து என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

92.0. நடை: மலைக்கோட்டையைச் சுற்றி இரண்டு சுற்று.

பாவாயி கடலைப்பருப்புப் பூரணம் வைத்து ஒப்பிட்டு சுட்டிருந்தாள். நெய் வாசம் தெருமுனைவரை வந்தது. வேண்டாம் என்றேன்.

“ஒண்ணே ஒண்ணுங்க.”

“அளவு தாண்டுது புள்ள.”

“அப்ப எதுக்கு நான் காலம்பறயிருந்து அரைச்சேன்?”

“உன்னைய யாரு சுடச் சொன்னா? உனக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது.”

அவள் தட்டை மூடிவைத்தாள். “நான் திங்கறதுக்கா சுட்டேன்? நீங்க திங்கறதப் பாக்கறதுக்குங்க. ரண்டு வருசமா எனக்கு அதுதானே சோறு.”

பாதி தின்றேன். தராசில் வைக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

90.3.

இன்று பாவாயிக்கு டயாலிசிஸ். ஏறும்போது 48.4, இறங்கும்போது 46.0. இரண்டு கிலோ நானூறு கிராம் தண்ணீரை மிஷின் இழுத்திருக்கிறது. 46 என்பது அவளுடைய ட்ரை வெயிட் என்கிறார் டெக்னீசியன். எங்கள் பாஷையில் வண்டி எடை. செவ்வாயும் வெள்ளியும் அவள் பாரத்தோடு போய் வெறும் வண்டியாக வருகிறாள். இறக்கிய சரக்கு மிஷினுக்குப் பின்னால் குழாய் வழியாகப் போவதை நானே பார்த்தேன்.

என்னுடைய நாலரைக் கிலோ எங்கே போனது? முப்பது டன் கல்லோடு போன லாரி பத்து டன்னாகத் திரும்பினால், இருபது டன் எங்காவது கொட்டிக் கிடக்க வேண்டும். எடை மாயமாகாது. வேர்வையா? வேர்வைக்கு ஈடாகத் தண்ணீர் குடிக்கிறேன். கழிவா? அது தின்றதற்குச் சரி. ஒரு வாரமாகப் படுக்கும்போதும் எழுந்த உடனும் நிறுத்துப் பார்க்கிறேன். வெளிக்குப் போகவில்லை, ஒன்றுக்குப் போகவில்லை. ஆனாலும் விடியும்போது முந்நூறு, முந்நூற்றைம்பது கிராம் குறைகிறது. பூபதியைக் கேட்டேன். “நீங்கதான் பெரிய எடைக்காரருங்க” என்கிறான்.

மார்ச் 19, புதன்

ரோஸ்லினிடம் கேட்டேன். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

“மூச்சுல போகுதுப்பா.”

கேலி செய்கிறாள் என்று எழுந்துவிட்டேன். உட்காரச் சொல்லி ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். கொழுப்பு, உள்ளே இழுக்கும் காற்றோடு சேர்ந்து எரிகிறது. எரிந்தால் இரண்டே இரண்டு பொருள் மிஞ்சுகிறது. கரியமில வாயு, தண்ணீர். பத்துக் கிலோ கொழுப்பு கரைந்தால் அதில் எட்டுக் கிலோவுக்கு மேல் மூக்கு வழியாகவே வெளியே போகிறது. மீதிதான் தண்ணீர். ராத்திரி குறைவதில் பெரும்பாகம் மூச்சோடும் தோல் வழியாகவும் போகும் ஈரம், கூடவே கொஞ்சம் இதுவும் என்றாள்.

“காத்துக்கு ஏதும்மா எடை?”

“காத்தடிச்ச லாரி டயரையும் காத்து எறங்குன டயரையும் நிறுத்துப் பாருங்கப்பா, தெரியும்.”

முப்பத்து நான்கு வருடம் எடை போட்டவனிடம் இந்தப் பெண் டயரைக் காட்டுகிறாள். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வந்தேன். இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

விடியற்காலை மலையைச் சுற்றினேன். ஒரே கல்லாக அவ்வளவு பெரிய மலை. தினமும்தான் பார்க்கிறேன். இன்று அதைப் பார்க்கவில்லை, என் மூச்சைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு முறை விடும்போதும் ஏதோ ஒரு துளி எடை போகிறது. கண்ணுக்குத் தெரியாமல், சத்தம் போடாமல், நான் உத்தரவு போடாமல். ஒன்றரை வருடத்துக்கு முன் தின்ற சோறாக இருக்கும். பாவாயியின் தட்டில் மிஞ்சியதாகவும் இருக்கும். அது கமலாலயக் குளத்தின்மேல் காற்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. குளத்தோரம் வேப்ப மரங்கள். மரம் இந்தக் காற்றைத்தான் தின்று வளர்கிறது என்பதும் ரோஸ்லின் சொன்னது. அப்படியானால் அந்தக் கிளையில் நான் கொஞ்சம் இருக்கிறேன்.

நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் “என்னங்க, மூச்சு வாங்குதுங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

வீட்டில் பாவாயியிடம் சொன்னேன். மாவு உருட்டுவதை நிறுத்திவிட்டு என் மூக்கைப் பார்த்தாள்.

“எட்டுக் கிலோவும் இந்த ஓட்டை வழியாவா?”

“ஆமா புள்ள.”

“சாமி” என்று கையெடுத்தாள். மூக்குக்கா, எதற்கு என்று தெரியவில்லை. நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

ஏப்ரல் 14, திங்கள்

86.4. வருடப் பிறப்பு. பாயசம் ஒரு கரண்டி, நிறுத்துப் பார்த்து. நாடி நிமிடத்துக்கு 88 இருந்தது இப்போது 70. ஒரு நாளைக்கு இருபத்தைந்தாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது துடிப்பு மிச்சம். மூன்று முறை பெருக்கிப் பார்த்தேன்.

மே 8, வியாழன்

84.8. எடை மேடைக்குப் போனேன். போய் நின்றேன். 80 காட்டியது! பூபதி ரசீதே அச்சடித்துக் கொடுத்தான். வண்டி எண் என்ற இடத்தில் ‘பொங்கியண்ணன்’ என்று என் பெயர். அசல் 84.8 என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இருந்தாலும் ரசீதைச் செல்லமுத்து கண்ணில் படும்படி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

மே 13, செவ்வாய்

84.5. நாளை ஆஸ்பத்திரியில் கடைசி எடை, இரத்தச் சோதனை. சரியாக இருந்தால் ஜூனில் அறுவை. அரைக் கிலோதான் குறுக்கே நிற்கிறது.

பாவாயியின் வலது கை நரம்பு இன்று இரண்டு முறை நின்றுபோனதாம். டெக்னீசியன் முகம் சரியில்லை.

மதியத்திலிருந்து தண்ணீர் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். எடை மேடைக்கு வருமுன் டிரைவர்கள் தண்ணீர்க் கேன்களைக் கவிழ்த்துவிட்டு வருவார்கள். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

மே 14, புதன்

83.3! டாக்டர் கை கொடுத்தார். ரோஸ்லின் கைதட்டினாள். நல்ல வெயில். பஸ்ஸில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இரத்தம் கொடுத்த பிறகு ஒரு சோடா குடித்தேன்.

மே 15, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். இரத்தத்தில் கிரியாட்டினின் 1.6. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவாம் அது. ஒன்றுக்குக் கிட்டே இருக்க வேண்டியது. ஜனவரியில் 0.9 இருந்தது. இந்த அளவு இருந்தால் என் சிறுநீரகத்திலேயே கோளாறு, எடுக்க முடியாது. வேறு ஆள் பாருங்கள், இல்லையென்றால் இறந்தவர்களின் சிறுநீரகத்துக்கு அரசுப் பட்டியலில் பதிந்துவிட்டுக் காத்திருங்கள் என்கிறார்கள்.

சோதனை மிஷின் தவறு. கருவியைச் சோதிக்காமல் ஆளைக் குற்றம் சொல்வதுதான் இந்தக் காலத்து வழக்கம்.

பாவாயியிடம் சொல்லவில்லை.

மே 16, வெள்ளி

செல்லமுத்துவிடம் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவன் அக்காளிடம் சொல்லிவிட்டான். டயாலிசிஸ் முடிந்து வந்தவள் படுக்காமல் என் எதிரே உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, செவ்வாக்கெழம மத்தியானத்துலருந்து தண்ணி குடிக்கலீங்களா?”

“யாரு சொன்னா?”

“உங்க ஒதடு சொல்லுச்சுங்க. மறுநாள் பஸ்ஸேறும்போதே பாத்தேன். அந்த ஒதடு எனக்குத் தெரியாதா? கண்ணாடியில தெனமும் பாக்கறதுதானே.”

நான் டிரைவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை. அவள் சொன்னதை எழுதிவைக்கிறேன். காலையில் வாய் கொப்பளித்துத் துப்புவாளாம். துப்பும்போது ஒரு சொட்டு உள்ளே போகட்டும் என்று மனம் கேட்குமாம். ஐஸ் கட்டியை நான்காக உடைத்து நாளைக்கு நான்கு முறை. குழாய் சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவாளாம். இரண்டு வருடமாக நான் சாப்பிட்டு முடித்ததும் சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடிப்பேன். அவள் எதிரேயே உட்கார்ந்திருப்பாள்.

எனக்கு இருபது மணி நேரம். அவளுக்கு இரண்டு வருடம்.

எழுந்துபோய்ப் பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“குடிங்க. என்ற முன்னால குடிங்க.”

“உன்ற முன்னால வேண்டாம் புள்ள.”

“நீங்க குடிக்கறதப் பாத்தா எனக்குங் கொஞ்சம் எறங்குமுங்க. குடிங்க.”

குடித்தேன். ஒவ்வொரு மடக்கையும் அவள் தொண்டை என் தொண்டையோடு சேர்ந்து விழுங்கியது.

மே 17, சனி

ரோஸ்லினுக்குப் போன் செய்தேன். மிஷின் சரியாகத்தான் இருக்கும், தப்பு என்னுடையது என்றேன். இதைச் சொல்ல இரண்டு முறை போனைப் போட்டு இரண்டு முறை வைத்துவிட்டு, மூன்றாவது முறைதான் சொன்னேன்.

அவள் திட்டினாள். நன்றாகவே திட்டினாள். “உங்க கிட்னிய வறுத்தெடுத்துட்டு வந்துருக்கீங்கப்பா.” பிறகு டாக்டரிடம் பேசுவதாகச் சொன்னாள். மூன்று வாரம் கழித்து மறு சோதனை. தண்ணீர் தினம் மூன்று லிட்டர். எடை எவ்வளவோ அவ்வளவு.

கடைசியாகச் சொன்னாள்: இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்கு நூற்றெண்பது லிட்டர் வடிகட்டுகின்றன. வடிகட்டியதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் வெளியே விடுகின்றன. கணக்குப் போட்டேன். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரி ஒன்றை அறுபத்தேழு நாளில். என் இடுப்புக்குப் பின்னால். ஒரு கைப்பிடி அளவில். சம்பளமில்லை, ஞாயிறு விடுமுறை இல்லை. அதற்கு நான் தண்ணீர் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

ஜூன் 4, புதன்

வேளைக்கு வேளை தண்ணீர் குடித்துவிட்டு ஏறினேன். 83.4. கிரியாட்டினின் 0.9.

ஜூன் 12, வியாழன்

உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் குழு முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். “உங்களை யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?”

“என்னையா?” என்றேன். அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை. வெளியே வந்ததும் செல்லமுத்து, “கேட்டவனுக்கு உங்களப் பத்தித் தெரியல மாமா” என்றான். “வண்டிய எடு மாப்ள” என்றேன். ஐந்து மாதத்தில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

ஜூலை 1, செவ்வாய்

82.6. நாளை காலை அறுவை. ஒரு சிறுநீரகம் எவ்வளவு எடை என்று டாக்டரைக் கேட்டேன். நூற்றைம்பது கிராம் இருக்கும் என்றார். பன்னிரண்டு கிலோ இறக்கியது நூற்றைம்பது கிராமை எடுத்துக் கொடுப்பதற்கு. என் எடை மேடையில் அது பூஜ்யம்.

ஜூலை 4, வெள்ளி

வலி. எழுத முடியவில்லை. அறுவை மேசையிலேயே புதுச் சிறுநீரகம் வேலை செய்து அவளுக்குச் சிறுநீர் வந்துவிட்டதாம்.

ஜூலை 7, திங்கள்

எழுந்து நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். தாழ்வாரத்தின் கோடியில் பாவாயியின் அறை. கிருமி சேரக் கூடாது என்று உள்ளே விடவில்லை. நடுவில் கண்ணாடி. நான் வருவது தெரிந்து ரோஸ்லின் நாற்காலி போட்டிருந்தாள். “உக்காருங்கப்பா” என்றாள். உட்கார்ந்தேன்.

உள்ளே நர்ஸ் ஒரு ஜக்கும் டம்ளரும் கொண்டுவந்து வைத்தார். தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு மூன்று லிட்டராவது உள்ளே போக வேண்டுமாம். பாவாயி டம்ளரைப் பார்த்தாள். பக்கத்தில் கோடு போட்ட பாட்டில் இருக்கிறதா என்று தேடினாள். பழக்கம். பிறகு என்னைப் பார்த்தாள்.

குடி என்று கையால் காட்டினேன்.

முதல் டம்ளரைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தாள். இரண்டாவதை நிறுத்தாமல் குடித்தாள். மூன்றாவதை அண்ணாந்து, டம்ளரை உதட்டில் படாமல் தூக்கி, ஊரில் குடிப்பதுபோலக் குடித்தாள். கழுத்தில் வழிந்தது. நர்ஸ் சிரித்துக்கொண்டே துடைத்தார்.

உள்ளே ஏசி. கண்ணாடி சில்லென்றிருந்தது. நான் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்ததில் என் மூச்சு கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. துண்டால் துடைத்தேன். மறுபடி படிந்தது. முப்பத்து நான்கு வருடத்தில் கண்ணால் பார்க்காத ஒரு எடை கைக்கெட்டும் தூரத்தில் புகையாக நிற்கிறது, அதற்கு அந்தப் பக்கம் அவள் மங்கலாகத் தெரிகிறாள்.

நர்ஸ் ஜக்கைச் சாய்த்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். கண்ணாடி தெளிந்தது. நான்காவது டம்ளரும் இறங்கியது.